தூங்குகிறவன் ஓட்டு

கோட்டின் முதுகைப் பிளந்தால்தான் கை உள்ளே போகும் என்று சொல்லிவிட்டார்கள். கரோலின் கத்தரியை எடுத்துக் கழுத்துப் பட்டியில் வைத்து அழுத்தினாள். துணி மடிப்பில் கத்தரி கடித்துக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கென்று ராபர்ட்சன்பேட்டையில் அளவு கொடுத்துத் தைத்த கோட்டு அது. அன்றைக்கே கொஞ்சம் இறுக்கம்தான். அதற்குப் பிறகு அவள் ஆக்கிப்போட்ட சோறெல்லாம் நோயலுக்கு வயிறாகவும் தோளாகவும் ஆகிவிட்டது. இன்னொரு முறை அழுத்தியதும் துணி விட்டுக்கொடுத்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வெட்டிக்கொண்டு போனாள்.

"வெட்டாதடி, அவன் ஆசையா தச்சது" என்றாள் ஐடா. அவள் நோயலைப் பெற்றவள். நேற்று மாலையிலிருந்து அழுது அழுது குரல் போய்விட்டிருந்தது.

"வெட்டலன்னா போட முடியாது அத்த. முன்னால இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது கரோலினுக்கே விசித்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கலர் காகிதம் வெட்டிக் கொடுக்கும்போது பேசுகிற அதே குரல். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் எப்போது உடைவாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைவதற்கு முதலில் நடந்தது புரிய வேண்டாமா? நேற்று விடியும் முன்னே சட்னி காரம் என்று குறை சொல்லிவிட்டுப் போனவன், சாயங்காலம் ஆம்புலன்சில் வந்து இறங்கினான். நடுவில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு அந்த நடுவுதான் வேண்டியிருந்தது.

கோட்டைப் போட்டு, இரண்டு பாதியையும் முதுகுக்கு அடியில் செருகிவிட்டார்கள். கோயில் வேலை பார்க்கும் ஆர்தர், வெள்ளைக் கையுறையைப் பாலிதீன் உறையிலிருந்து உருவி, பக்கத்தில் நின்ற கிறிஸ்டோவிடம் நீட்டினார். கூடப் பிறக்காத தம்பி, அவன் போடுவதுதான் முறை என்று நினைத்திருப்பார். கிறிஸ்டோ வாங்கினான். நோயலின் வலது கையைப் பார்த்தான். பிறகு கையுறையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, "வேற யாராச்சும் போடுங்க" என்று சொல்லி, கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

"பாவம், அந்தப் புள்ள தோள்லயே சாஞ்சிகினு செத்தானாம்ல" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஆர்தரே கையுறையைப் போட்டுவிட்டார்.

ஆமாம், அந்தத் தோளில்தான். தங்கவயல் சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடிவதற்கு முன் பெங்களூருக்குப் புறப்படும் அந்த ரயிலில், எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. தூங்குகிறவனை அவன் இறங்குகிற ஸ்டேஷனுக்கு முன் யாரும் எழுப்பக் கூடாது. பாதி ராத்திரியில் எழுந்து வருகிறவர்களுக்குப் பெட்டியில் கிடைக்கும் அந்தத் தூக்கம்தான் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தோளைக் கொடுக்க வேண்டும், எச்சில் வழிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், இறங்கும் ஸ்டேஷன் வந்ததும் தட்டி எழுப்ப வேண்டும். நோயலை எழுப்புகிறவன் கிறிஸ்டோ. வருஷக்கணக்காக அவன்தான். நேற்று கண்டோன்மென்ட் வந்ததும் தட்டியிருக்கிறான், உலுக்கியிருக்கிறான், கத்தியிருக்கிறான்.

மாரடைப்பு என்றார்கள். எப்போது என்று கரோலின் கேட்டதற்கு, ஏறினதுக்கும் இறங்கினதுக்கும் நடுவிலே என்று பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். அது அவளுக்கும் தெரியும். ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவளே ஒரு கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் கண் அசந்திருப்பான், பங்காருப்பேட்டை வருவதற்குள் தூக்கத்திலேயே போயிருப்பான், வலியும் தெரிந்திருக்காது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்தக் கணக்கை இறுகப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

சவப்பெட்டி வந்தது. அந்தக் காலத்துச் சுரங்க லைன் வீடு, வாசலில் ஆள் திரும்புவதே கஷ்டம். பெட்டியை ஒருக்களித்து, நிலையில் இடிக்காமல் உள்ளே கொண்டுவந்தார்கள். வெள்ளை சாட்டின் துணியில் நோயலைக் கிடத்தியபோது ரூபேஷ் அவளருகே வந்து குந்தினான். அடுத்த லைனில் இருப்பவன், அதே ரயிலில் போகிறவன். அவன் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது கரோலின்தான்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். சொன்னா உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ரூபேஷ் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"அண்ணன் கேம்ல ஓட்டு போட்டுட்டுத்தான் போயிருக்காரு. இத பாருங்க, அவரு பேரு. தேவனகொந்தி தாண்டினதுமே போட்டிருக்காரு. டைம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நான் டோர்கிட்ட நின்னுகினு இருந்தேன், ஸ்க்ரீன்ல அவரு பேரு பச்சையானத என் கண்ணால பாத்தேன். அவரு செஞ்ச எலக்ஷன், அவரு ஓட்டுலயே முடிஞ்சிது. கிறிஸ்டோ ஒரே ஓட்டுல ஜெயிச்சான், டீச்சர்."

"தேவனகொந்தி தாண்டியா?"

"ஆமா டீச்சர். வைட்ஃபீல்டு வரதுக்குள்ள க்ளோஸ் ஆவணும்னு அவருதானே ரூல் வெச்சாரு."

பங்காருப்பேட்டை, டேக்கல், மாலூர், தேவனகொந்தி. ஒவ்வொரு ஸ்டேஷனாக அவளுடைய கணக்கு பிய்ந்துகொண்டு போனது. தேவனகொந்தி தாண்டிய பிறகும் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். கண்ணைத் திறந்து, போனைப் பார்த்து, விரலை வைத்து ஓட்டுப் போட்டிருக்கிறான். அடுத்த ஸ்டேஷன் வைட்ஃபீல்டு. அங்கே இறங்கி வெளியே வந்தால் பெரிய ஆஸ்பத்திரி. ஐடாவுக்குக் கண் ஆபரேஷன் அங்கேதான் நடந்தது, கரோலின்தான் கூட்டிக்கொண்டு போனாள். ரயில் அங்கே நின்றிருக்கும். சுற்றிலும் நம்ம ஆட்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகம் சுளித்ததை ஒருத்தனும் பார்க்கவில்லையா? எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்களா?

அந்தப் போன் விளையாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வாளும் குதிரையும் மந்திரமும் உள்ள ஒரு ராஜ்யம். உலகமெல்லாம் ஆட்கள் உள்ளே புகுந்து ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். நோயல் அங்கே கொல்லன். வீட்டில் குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றத் தெரியாதவன், அங்கே ஊருக்கே வாள் அடித்துக் கொடுத்தான். ரயில் சிநேகிதர்களும், பெங்களூரிலும் வளைகுடாவிலும் போய்ச் செட்டில் ஆன தங்கவயல்காரர்களும் சேர்ந்து அதற்குள் ஓர் ஊரைக் கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளை குட்டி இருந்தால் இப்படிப் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று கரோலின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அந்த ஊர்க் கதையைச் சொல்வான், அவள் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். பல வீடுகளில் அந்தப் பேச்சும் இல்லை.

அந்த ஊருக்குத் தலைவன் ஏனோக் என்று ஒருத்தன், அதே ரயிலில் வேறு பெட்டியில் வருகிறவன். ஊர்க் கிடங்கின் சாவியை இடுப்பிலேயே முடிந்து வைத்துக்கொண்டு, தன் கோட்டையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனான். அவனை இறக்கவும் முடியவில்லை. அங்கே பழைய சட்டம் அப்படி. வாயைத் திறக்காதவன் ஓட்டு, இருக்கிற தலைவனுக்கு. ஓட்டெடுப்பு நடப்பதோ காலை ரயிலில். பாதிப் பேர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள், அத்தனை குறட்டையும் ஏனோக் கணக்கில் சேர்ந்துவிடும். "தூங்குறவன் ஓட்ட வெச்சே அவன் ராஜ்யம் நடத்துறான் கரோ" என்று நோயல் பொருமினான். பொருமியதோடு நிற்காமல் புதிய தேர்தல் முறை ஒன்றை உண்டாக்குகிறேன் என்று உட்கார்ந்தான். அந்த விளையாட்டில் ஒவ்வோர் ஊரும் தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொள்ளலாமாம்.

அதற்குச் சோதனை எலி கரோலின். தோசைக்கல் முன்னால் நிற்கும்போது வந்து நிற்பான். "நீ இப்ப திருடி. என் எலக்ஷன்ல எப்படித் திருடுவ, சொல்லு."

"எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்குடுப்பேன்."

"அது திருட்டு இல்ல, பிரச்சாரம். வேற?"

"மிரட்டுவேன்."

"யாரு யாருக்குப் போட்டான்னு தெரியாது. பேரு மட்டும்தான் பச்சையாவும். மிரட்டி இன்னா பண்ணுவ? வேற சொல்லு."

"சபை எலக்ஷன்ல பண்ண மாதிரி செத்தவன் பேர்ல போடுவேன்."

அவன் கைதட்டிச் சிரித்தான். "அதுக்குத்தான்டி கட்டைவிரல் கேக்குது. செத்தவன் எழுந்து வந்து விரல வெப்பானா?"

இப்படித்தான் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார்கள். தூங்குகிறவன் ஓட்டு யாருக்கும் கிடையாது. அடுத்தவனுக்காக யாரும் போட முடியாது. ஏனோக்கை எதிர்த்து நிற்கக் கிறிஸ்டோ முன்வந்தான். நேற்றுக் காலைதான் முதல் தேர்தல்.

"இதையும் சொல்லலாம்மா" என்றது ஒரு குரல். சபை ஐயர் வந்திருந்தார். ரூபேஷ் சொன்னதையெல்லாம் நின்று கேட்டிருக்கிறார் போலும். "இன்னிக்கி பிரசங்கத்துல வெக்கலாம். கடைசி மூச்சு வரைக்கும் கடமை. வாலிபப் பசங்களுக்கு நல்ல சாட்சி."

ஐடா ரூபேஷின் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, மகன் பேர் எது என்று கேட்டாள். பச்சையாக இருந்த அந்தப் பேரை விரலால் தடவினாள். "எம்புள்ள கடைசி வரைக்கும் தெளிவா இருந்திருக்கான்" என்று சுற்றி இருந்தவர்களிடம் காட்டினாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம்.

தெளிவாக இருந்தவனை ஏன் சாகவிட்டார்கள் என்று கத்த வேண்டும்போல் கரோலினுக்கு இருந்தது. கோபம் திரண்டு வந்தது. முக்கியமாகக் கிறிஸ்டோமேல். தோளில் சாய்ந்திருந்தவன் விழித்து, ஓட்டுப் போட்டு, மறுபடியும் சாய்ந்திருக்கிறான். அவனுக்கு வேர்த்திருக்கும், மூச்சு இரைத்திருக்கும். ஜெயித்த குஷியில் இவன் எதையும் கவனிக்கவில்லை. அதனால்தான் கையுறையைத் தொடாமல் ஓடுகிறான்.

எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. முந்தாநாள் ராத்திரி, விளக்கை அணைக்கும் முன், நீ யாருக்குப் போடுவ என்று அவள் கேட்டாள். கிறிஸ்டோவுக்குத்தானே என்று கண்ணடித்தாள். நோயல் கொஞ்சம் கோபமாகவே சொன்னான்.

"நான் போட மாட்டேன் கரோ. சட்டம் எழுதுனவன் பொட்டியில கை வெக்கக் கூடாது. நான் போட்டா, எனக்குத் தோதா எழுதிக்கினேன்னு ஏனோக் நாளைக்குச் சொல்லுவான். அவன் சொல்றதும் நியாயம்தானே?"

சொன்ன சொல்லில் நிற்கிறவன்தான் நோயல். அந்தப் பிடிவாதத்தால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவன் போட்டிருக்க மாட்டான். ஆனால் பேர் பச்சையாக இருக்கிறது. விரல் வைக்காமல் அது பச்சையாகாது.

அவள் பின்கட்டுக்கு நடந்தாள். "எங்கம்மா போற, பொட்டிகிட்ட உக்காரு" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிக்கொண்டு போனாள்.

கிறிஸ்டோ தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். நேற்றுப் போட்டிருந்த சட்டையையே இன்னும் மாற்றவில்லை.

"கிறிஸ்டோ, அவரு ஓட்டு போட மாட்டேன்னு எங்கிட்ட சொன்னாரு."

அவன் டிரம் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாரு போட்டது?"

தகரக் கூரைக்குமேல் ஒரு காக்கை தத்தித் தத்தி நடக்கிற சத்தம் கேட்டது. கிறிஸ்டோ அவள் முகத்தைப் பார்க்காமல் டிரம்மைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன் அண்ணி. எழுந்துக்கல. ராத்திரியெல்லாம் அதுலயே உக்காந்துகினு இருந்திருப்பாரு, தூங்கட்டும்னு விட்டுட்டேன். ஓட்டு சமமா நிக்குது. டைம் முடியப்போவுது. அவரு போனு மடியிலயே கீது. அண்ணன் எனக்குத்தானே போடுவாரு, எழுந்தா அவரே போடப்போறாரு, இதுல இன்னா கீதுன்னு…" அவன் நிறுத்தினான். "விரல எடுத்து வெச்சேன் அண்ணி. போனத் தொறக்க ஒரு தடவ. ஓட்டுக்கு ஒரு தடவ."

கரோலினின் கை ஓங்கியது, ஆனால் அது பாதியிலேயே தானாக இறங்கிவிட்டது.

"எந்தக் கை?"

"ரைட்டு."

"எப்படிப் புடிச்ச? காட்டு."

"வேணாம் அண்ணி."

"காட்டுடா."

அவள் தன் வலது கையை நீட்டினாள். கிறிஸ்டோ அவளுடைய மணிக்கட்டை ஒரு கையால் தாங்கி, மறு கையின் இரண்டு விரலால் கட்டைவிரலைப் பிடித்து, இல்லாத ஒரு போன்மேல் அழுத்திக் காட்டினான். மருந்து டப்பாவைத் திறப்பதுபோல அவ்வளவு பக்குவமாக அதைச் செய்தான். தூக்கம் கலையக் கூடாது என்று நேற்றும் இப்படித்தான் பிடித்திருப்பான்.

"விரல் சூடா இருந்துச்சா?"

கிறிஸ்டோ முதல்முறையாக அவளைப் பார்த்தான். அந்தக் கேள்வியை அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"தெரியல அண்ணி. சத்தியமா தெரியல. பனி. ஜன்னல் மூடல. எங்கையே மரத்துப்போயிருந்துச்சு. நேத்துலேர்ந்து அதையேதான் நெனச்சிப் பாக்கறேன், நெனப்பு வரல."

"இழுத்துக்கிட்டாரா?"

"இன்னா?"

"கைய. நீ புடிச்சப்ப வெடுக்குனு இழுத்துக்கிட்டாரா இல்லையா?"

"இல்ல அண்ணி. சும்மா குடுத்தாரு. ரெண்டு தடவயும் சும்மா குடுத்தாரு."

கரோலின் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

நோயல் தூக்கத்தில் கையைத் தொடவிட மாட்டான். இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஆசையாக அவன் விரலைக் கோத்துக்கொள்ளப் போய், அவன் வெடுக்கென்று இழுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டதும் அவள் முகம் தொங்கிப்போனது. காலையில் கேட்டால் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு தடவை மோதிரம் இறுகி விரல் வீங்கியிருந்தது. தூங்கும்போது எண்ணெய் போட்டுக் கழற்றிவிடலாம் என்று போனவளுக்கு முழங்கையால் இடி விழுந்தது. எவ்வளவு அசந்து தூங்கினாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, கையைத் தொட்டால் இழுத்துக்கொள்வான். உயிர் இருக்கிற நோயல் கையைச் சும்மா கொடுக்க மாட்டான்.

தேவனகொந்தி தாண்டியபோது அவன் உயிரோடு இல்லை. வைட்ஃபீல்டில் ரயில் நின்றபோதும் அவன் இல்லை. இறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக அவனிடம் உயிர் மிஞ்சியிருக்கவில்லை.

அழுகை அப்போதுதான் வந்தது. நேற்று முழுக்க வராத அழுகை. கண்ணை மூடினால் ஜன்னலோரத்தில் போர்வைக்குள் சாய்ந்திருக்கும் நோயலும், அவன் விரலை எடுத்துப் பதமாக அழுத்தும் இந்தப் பிள்ளையும் தெரிந்தார்கள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிறிஸ்டோ தரையில் குந்திவிட்டான். "நான் எழுப்பியிருக்கணும் அண்ணி. கன்னத்துல அறைஞ்சாவது எழுப்பியிருக்கணும். அப்பவே எழுப்பியிருந்தா வைட்ஃபீல்டுல தூக்கினு ஓடியிருப்போம். பக்கத்துல உக்காந்துகினு நானே சாவவுட்டுட்டேன்."

கரோலின் சொல்ல வாயெடுத்தாள். நீ எழுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பாரம் இறங்கிவிடும். ஆனால் அதைச் சொன்னால், நேற்று எதைப் பிடித்தான் என்பதும் அவனுக்கு விளங்கிவிடும். இது ஒரு கொடுமை, அது இன்னொரு கொடுமை. எதைக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து ஐடா கூப்பிட்டாள். பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

பெட்டியை மூடும் முன் ஐயரிடம் போய்க் காதோடு சொன்னாள். "அந்த ஓட்டு விஷயத்த பிரசங்கத்துல சொல்ல வேணாங்க ஐயா."

"ஏம்மா? நல்ல காரியந்தானே?"

"அவரு போட்ட சட்டப்படி அவருக்கு ஓட்டு கெடையாதுங்க ஐயா. அவரு போடல."

ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற ரூபேஷுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பார்த்தான், பின்கட்டு வாசலில் நின்ற கிறிஸ்டோவைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போய் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கோயிலுக்குப் போகிற வழியில் கிறிஸ்டோ விளையாட்டில் அந்த ஊரார் எல்லாரும் பார்க்கும்படி எழுதிப் போட்டான். இந்தத் தேர்தல் செல்லாது, தப்பு என்னுடையது. ஐடாவிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. மகன் பேர் இருந்த அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துத் தன் போனில் போட்டுத் தரும்படி அவள் ரூபேஷிடம் கேட்டாள், அவனும் போட்டுக் கொடுத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் காய்ந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்து எல்லார் கண்ணிலும் பொடியைத் தூவியது. பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஐயர் ஜெபித்து முடித்ததும் ஐடா முதலில் மண்ணைப் போட்டாள். அடுத்து கரோலின். கல்லும் சரளையுமான மண், பெட்டிமேல் விழுந்தபோது பெரிதாகச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உறவுக்காரர்கள், சபையார், ரயில்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஏனோக்கும் வந்தான், போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

கடைசியாகக் கிறிஸ்டோ வந்தான். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. குனிந்து, இடது கையால் மண்ணை அள்ளினான்.

"இடது கையால போடறான் பாரு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கரோலின் அவனிடம் போனாள். அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பைக்குள் இருந்த கையை மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தாள், விரித்தாள், குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அதில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். கூட்டத்துக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நீ சாவவுடல கிறிஸ்டோ. நீ எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முதலில் அவன் தோள் தளர்ந்தது, சிறுபிள்ளைபோல உதடு பிதுங்கியது. பிறகு சொன்னதன் மறுபாதி அவனுக்கு எட்டியது. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுத்து, மெதுவாகத் தன் கைக்குக் கொண்டுபோனான்.

"போடு" என்றாள் கரோலின்.

அவன் போடவில்லை. விரல்கள் திறக்கவில்லை. கரோலின் தன் இரண்டு கையாலும் அந்த முஷ்டியைத் தாங்கிக்கொண்டு குழியோரம் நின்றாள். குழி வெட்டினவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த இருவரையும் யாரும் அவசரப்படுத்தவில்லை.